ஆறு பேருக்கும் ஒரே பாலிசி சரிவருமா?

கேள்வி: எனக்கு வயது 39. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. மனைவிக்கு 36, பிள்ளைகளுக்கு 11, 6. அப்பாவுக்கு 67, ஒன்பது வருடமாகச் சர்க்கரை, இரண்டு வருடத்துக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அம்மாவுக்கு 62, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார், மூட்டுவலியும் உண்டு. அலுவலகத்தில் ஆறு பேருக்கும் சேர்த்து 3 லட்சம் ரூபாய்க்கு குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அது போதாது என்று வெளியிலும் ஒன்று எடுக்க நினைக்கிறேன். தெரிந்த ஏஜென்ட் ஒருவர் ஆறு பேரையும் ஒரே 10 லட்சம் ஃபேமிலி ஃப்ளோட்டரில் (ஒரே தொகையை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் பாலிசி) போட்டுவிடலாம், தனித்தனியாக எடுத்தால் செலவு கூடும் என்கிறார். போன வருடம் எடுத்த ஸ்கேனில் மனைவிக்குக் கர்ப்பப்பையில் சிறிய நார்க்கட்டி இருப்பது தெரிந்தது. மருந்து எதுவும் தரவில்லை. அதை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்றும் சொல்கிறார். எது சரி?

பதில்: ஏஜென்ட் சொன்ன இரண்டுமே வேண்டாம். நீங்கள் நால்வரும் ஒரு ஃப்ளோட்டர் எடுங்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு தனிநபர் பாலிசி. மனைவியின் ஸ்கேன் விவரத்தை விண்ணப்பத்தில் எழுதுங்கள், ரிப்போர்ட் நகலையும் இணையுங்கள்.

பெற்றோரை ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், முதல் காரணம் பிரீமியம். பெரும்பாலான நிறுவனங்களில் ஃப்ளோட்டரின் பிரீமியம் அதில் இருக்கும் மூத்தவரின் வயதை வைத்துத்தான் முடிவாகிறது. உங்கள் நால்வரில் மூத்தவர் 39. அப்பாவைச் சேர்த்த நிமிடமே அந்தப் பாலிசிக்கு வயது 67. ஆறு வயதுப் பிள்ளையின் காப்பீட்டுக்கும் 67 வயதுக்காரரின் கட்டணத்தைத் தழுவிய தொகையைக் கட்டுவீர்கள். இனி ஒவ்வொரு வயதுப் படி ஏறும்போதும் மொத்தப் பாலிசியும் சேர்ந்தே ஏறும். தனித்தனி என்றால் செலவு கூடும் என்பது ஒரே வயதுக்காரர்களான இளம் தம்பதிக்குப் பொருந்தும். மூன்று தலைமுறைக்குப் பொருந்தாது. நம்ப வேண்டாம், இரண்டுக்கும் எழுத்தில் பிரீமியம் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது காரணம், தொகை பொது. ஜூனில் அப்பாவுக்கு பைபாஸ் நடந்து 6 லட்சம் போய்விட்டால், அந்தப் பாலிசி ஆண்டு முடியும்வரை மீதி ஐந்து பேருக்கும் இருப்பது 4 லட்சம். "தொகை தீர்ந்தால் ரீஸ்டோர் ஆகிவிடும்" என்று அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: முழுத் தொகையும் தீர்ந்தால்தான் திரும்ப நிரம்புமா, பாதி போனாலே நிரம்புமா? அதே ஆளுக்கு அதே நோய் மறுபடி வந்தாலும் கிடைக்குமா? ஆண்டுக்கு எத்தனை முறை? பழைய பாணிப் பாலிசிகள் பலவற்றில் வேறு நோய்க்கு மட்டுமே ரீஸ்டோர் தொகையைத் தொட முடியும். இதய நோயும் சர்க்கரையும் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் நோய்கள். அங்கே இந்த வசதி கைகொடுக்காமல் போகலாம்.

போனஸும் இருக்கிறது. கிளைம் இல்லாத ஆண்டுக்குக் காப்பீட்டுத் தொகையைக் கூட்டித் தருவார்கள். ஒரே பாலிசியில் ஒருவர் கிளைம் செய்தாலும் அந்த ஆண்டுக்கான போனஸ் ஆறு பேருக்கும் போய்விடும். சில பாலிசிகளில் ஏற்கெனவே சேர்ந்ததும் குறையும்.

ஆக, யார் யாரோடு ஒரே தொகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வயது நெருக்கமாகவும் பெரிய நோய் இல்லாமலும் இருப்பவர்கள் பங்கு போடலாம். நீங்கள் நால்வரும் அப்படித்தான் இருக்கிறீர்கள். ஒரே ஆண்டில் நால்வருக்கும் பெரிய செலவு வரும் வாய்ப்பு குறைவு. நீங்களும் மனைவியும் ஐம்பதைத் தாண்டும்போதோ, இருவரில் ஒருவருக்கு நாள்பட்ட நோய் ஒட்டிக்கொண்டாலோ அந்த ஃப்ளோட்டரை மறுபடி யோசிக்கலாம். பிள்ளைகளைப் பெரும்பாலும் 25 வயதுவரை வைத்துக்கொள்வார்கள். பிறகு அதே நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாற்றினால், அதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் வீணாகாது.

இனி மனைவியின் நார்க்கட்டி. மறைக்கச் சொன்னவருக்குப் பாலிசியின் காத்திருப்புக் கணக்கே சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். காத்திருப்பு மூன்று வகை. பாலிசி எடுத்த முதல் 30 நாள், விபத்து தவிர எதற்கும் பணம் இல்லை. அடுத்து, குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு எல்லோருக்கும் பொதுவான காத்திருப்பு. பெரும்பாலும் 24 மாதம். கண்புரை, குடலிறக்கம், மூலம், சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று, கர்ப்பப்பை நார்க்கட்டி, கர்ப்பப்பை அகற்றுதல் போன்றவை வழக்கமாக அந்தப் பட்டியலில் இருக்கும். மூன்றாவது, முன்பே இருந்த நோய்கள். இதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வைத்திருக்கும் உச்சவரம்பு 2024 முதல் 36 மாதம்; முன்பு அது 48.

நார்க்கட்டியை மறைத்தாலும் அதற்கான அறுவைக்கு எப்படியும் இரண்டாண்டு காத்திருக்கத்தான் போகிறீர்கள். சொன்னால் அது மூன்றாண்டு ஆகலாம், கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கேட்கலாம். மறைப்பதால் மிச்சமாவது அதிகபட்சம் ஒரு வருடம். அதற்கு நீங்கள் பணயம் வைப்பது நால்வரின் பாலிசியையும். நாளை மனைவி டெங்குக்காகச் சேர்ந்தால்கூட, பழைய ஸ்கேன் பற்றி ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் ஒரு வரி இருந்தால் போதும். உண்மையை மறைத்ததாகச் சொல்லிக் கிளைமை மறுக்கவும் பாலிசியை ரத்து செய்யவும் பார்ப்பார்கள். தொடர்ச்சியாக 60 மாதம் பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்தார்கள் என்ற காரணத்தைச் சொல்ல முடியாது. அது வரைக்கும் கத்தி தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பட்டும், ஆனால் ஓ.டி.பி. சொல்வதற்கு முன் மருத்துவக் கேள்விகள் ஒவ்வொன்றையும் நீங்களே படியுங்கள். "கடந்த சில ஆண்டுகளில் ஏதேனும் பரிசோதனை, மருந்து, ஆலோசனை?" என்ற கேள்விக்கு எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று ஒரே சொடுக்கில் போட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. பாலிசி வந்ததும் அதனுடன் விண்ணப்ப நகலும் வரும். வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. தப்பு இருந்தால் அதற்குள் மின்னஞ்சலில் திருத்தச் சொல்லுங்கள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், காப்பீடு இருந்த நாட்களுக்கான பங்கு போக மீதிப் பணம் வரும்.

தொகை எவ்வளவு என்றால், நால்வருக்கு 10 லட்சம் அடிப்படை, அதன் மேல் ஒரு சூப்பர் டாப்-அப். வெறும் டாப்-அப் வாங்கிவிடாதீர்கள். பெயர் ஒட்டி இருப்பதால் இதில் ஏமாறுபவர்கள் நிறைய. டிடக்டிபிள், அதாவது இந்தப் பாலிசி பணம் தரத் தொடங்கும் முன் வேறு வழியில் ஏற்க வேண்டிய தொகை, 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் 4 லட்சத்துக்கு இரண்டு பில் வருகிறது. டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். எதுவுமே 5 லட்சத்தைத் தாண்டவில்லை, ஆகவே ஒரு ரூபாய் வராது. சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுக்க வந்த பில்களைக் கூட்டிப் பார்க்கும். 8 லட்சத்தில் 5 போக 3 லட்சம் தரும். எடுக்கும்போது இரண்டு பாலிசிகளின் தொடக்கத் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். அடிப்படைப் பாலிசி ஏப்ரலிலும் சூப்பர் டாப்-அப் அக்டோபரிலும் தொடங்கினால், செப்டம்பர் பில் ஓர் ஆண்டிலும் அக்டோபர் பில் அடுத்த ஆண்டிலும் விழுந்து, டிடக்டிபிள் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கும். சூப்பர் டாப்-அப்புக்கும் தனியாகக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். 10 லட்சம் பிரீமியம் கைக்கு அடங்கவில்லை என்றால் 5 லட்சம் அடிப்படையும், 5 லட்சம் டிடக்டிபிள் வைத்த சூப்பர் டாப்-அப்பும் எடுக்கலாம். செலவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

பாலிசியில் நான் முதலில் புரட்டிப் பார்க்கும் பக்கம் அறை வாடகை. ஏஜென்ட்கள் இதைச் சொல்வதே இல்லை. 5 லட்சம் பாலிசி, அறை வாடகை வரம்பு தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறீர்கள். "மூவாயிரம் வித்தியாசம்தானே, 12,000 கையிலிருந்து கொடுத்துவிடலாம்" என்று தோன்றும். பில் இப்படி வருகிறது: அறை 32,000, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் சேர்ந்து 1,60,000, மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைகள் 90,000. மொத்தம் 2,82,000. உங்களுக்கு உரிய அறை, எடுத்த அறையில் எட்டில் ஐந்து பங்கு. அதே விகிதத்தில் டாக்டர், தியேட்டர் கட்டணங்களையும் வெட்டுவார்கள். அறைக்கு 20,000, டாக்டர் வகைக்கு 1,00,000, மருந்து வகைக்கு முழு 90,000, கிடைப்பது 2,10,000. கையிலிருந்து போவது 72,000.

மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை, ஐ.சி.யூ. கட்டணம் ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்று விதி இருக்கிறது. அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியிலும் வெட்டக் கூடாது. டிஸ்சார்ஜ் அவசரத்தில் இதை யார் கேட்கிறார்கள்? ஆகவே அறை வாடகைக்கு வரம்பே இல்லாத பாலிசி, குறைந்தது "சாதாரண தனியறை" என்று எழுதியிருக்கும் பாலிசியை எடுங்கள். ரூபாயிலோ சதவீதத்திலோ வரம்பு போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். ரோபோ உதவியுடன் செய்யும் அறுவை போன்ற நவீன சிகிச்சைகளுக்கும் கண்புரைக்கும் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். கையுறை, சிரிஞ்ச் போன்ற பொருட்களுக்கு ஆட்-ஆன் இருந்தால் சேர்க்கலாம். மற்றபடி இலவசச் செக்கப், ஜிம் தள்ளுபடி இதையெல்லாம் வைத்து நிறுவனத்தைத் தேர்வு செய்ய வேண்டாம்.

அப்பாவுக்கு வருவோம். நேராகச் சொல்கிறேன்: ஸ்டென்ட்டும் சர்க்கரையும் இருக்கும் 67 வயதுக்காரருக்கு எல்லா நிறுவனமும் பாலிசி தராது. 65 தாண்டியவர்களை வயதை மட்டும் காரணம் காட்டித் தடுக்க இடம் தந்த பழைய விதி 2024-ல் போய்விட்டது. ஆனால் உடல்நிலையைப் பார்த்து மறுக்கும் உரிமை நிறுவனத்துக்கு இன்னும் இருக்கிறது. கிடைத்தாலும் முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்பு, 20 அல்லது 30 சதவீதம் கோ-பே, கூடுதல் பிரீமியம் எல்லாம் சேர்ந்தே வரும். கோ-பே 20 சதவீதம் என்றால் 4 லட்சம் பில்லில் 80,000 உங்களுடையது. அதற்கென வங்கியில் ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பிரீமியம் கட்டிக் கோ-பேயை நீக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அப்பாவையும் அம்மாவையும் ஒரு ஃப்ளோட்டரில் சேர்க்காமல் ஆளுக்கொன்று என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. அவருடைய விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் அம்மாவுடையது நிற்கும். தைராய்டு பெரிய தடையாக இருக்காது. மூட்டு மாற்று அறுவை ஒரு நாள் தேவைப்படலாம்; அதற்கான 24 மாதக் கணக்கு இன்றே ஓடத் தொடங்குவது நல்லது. ஒரே பாலிசி எண்ணில் இருவருக்கும் தனித்தனித் தொகை தரும் வகையும் உண்டு; அதிலும் போகலாம், தொகை பொதுவல்ல என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அலுவலகப் பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். குரூப் பாலிசிகள் பலவற்றில் முன்பே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டு. உங்களுடையதில் உண்டா, பெற்றோருக்குக் கோ-பே எவ்வளவு என்று எச்.ஆரிடம் கேளுங்கள். அப்பாவின் தனிப் பாலிசியில் காத்திருப்பு ஓடும் மூன்றாண்டுக்கு இதுதான் அவருக்கு அரண். இரண்டு பாலிசி இருந்தால் எதில் முதலில் கிளைம் செய்வது என்பது உங்கள் விருப்பம். முதலில் அலுவலகத்தினுடையதைப் பயன்படுத்துங்கள், போதாத மீதியை மட்டும் சொந்தப் பாலிசியில் கேளுங்கள். சின்னக் கிளைம்களுக்குச் சொந்தப் பாலிசியின் போனஸ் போகாது. வேலையை விடுவதாக இருந்தால், கடைசி நாளுக்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். ஏற்றுக்கொண்டால் குரூப்பில் இருந்த காலம் காத்திருப்பில் கழியும். அப்பாவுக்கு வேறெங்கும் கதவு திறக்காவிட்டால் தட்டிப் பார்க்க வேண்டிய கதவு அது.

அப்பாவுக்கு 70 நிறைந்ததும் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வருமான வரம்பு இல்லை. ஆதாரில் உள்ள வயதே போதும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, முன்பே உள்ள நோய்களும் சேர்த்து, திட்டத்தில் இணைந்த ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும். தனியார் பாலிசி வைத்திருப்பது தடையல்ல.

பிரீமியம் பற்றி இரண்டு விவரம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்கு முன் 18 சதவீதம். பழைய கொட்டேஷனைக் காட்டினால் புதிதாகக் கேளுங்கள். 60 தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்ற வேண்டுமென்றால் நிறுவனம் முதலில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. வரியைப் பொறுத்தவரை, பழைய வரிமுறையில் இருந்தால் 80டி பிரிவில் உங்கள் நால்வருக்கு 25,000, மூத்த குடிமக்களான பெற்றோருக்குத் தனியாக 50,000 வரை கழிக்கலாம். ரொக்கமாகக் கட்டினால் செல்லாது. புதிய வரிமுறையில் இந்தச் சலுகை இல்லை.

நிறுவனத்தைத் தேர்வு செய்யும்போது விளம்பரத்தில் வரும் "98 சதவீதம் கிளைம்" போன்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து லட்சம் கேட்டவருக்கு ஆறு லட்சம் கொடுத்தாலும் அது தீர்க்கப்பட்ட கிளைம்தான். நீங்கள் வழக்கமாகப் போகும் இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளின் இன்ஷூரன்ஸ் டெஸ்கில் போய், எந்த நிறுவனத்தின் அப்ரூவல் தாமதமாகிறது, எது டிஸ்சார்ஜ் அன்று கடைசி நேரத்தில் வெட்டுகிறது என்று கேளுங்கள். விதிப்படி கேஷ்லெஸ் (பில்லை நிறுவனமே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டும் முறை) முதல் அனுமதி ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்திலும் வர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். டெஸ்கில் இருப்பவர்களுக்கு இது அத்துப்படி.

எந்த வரிசையில் செய்வது? முதலில் நால்வரின் ஃப்ளோட்டர். உங்களுக்கு 40 தாண்டுவதற்குள், சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் ரிப்போர்ட்டில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். அடுத்த வாரம் அம்மாவுடையது. அப்பாவின் விண்ணப்பத்தைக் கடைசியாக, முழுக் கோப்புடன் அனுப்புங்கள்: ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட், ஸ்டென்ட் வைத்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஆறு மாதத்துக்குள் எடுத்த எக்கோ, மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி, இப்போது சாப்பிடும் மருந்துச் சீட்டு. "சர்க்கரை உண்டு" என்ற ஒற்றை வரியைப் பார்த்தால் காப்பீட்டு நிறுவன அதிகாரி மோசமானதை ஊகித்து மறுப்பார். கட்டுக்குள் இருக்கிறது என்று காகிதத்தில் பார்த்தால் கூடுதல் பிரீமியத்துடன் ஏற்க வாய்ப்பு அதிகம். எச்பிஏ1சி 8-க்கு மேல் நிற்கிறது என்றால், டாக்டரிடம் காட்டி இரண்டு மூன்று மாதம் சரிசெய்துகொண்டு அதன் பிறகு அனுப்புங்கள். "இதற்கு முன் வேறு நிறுவனம் மறுத்ததா?" என்று எல்லா விண்ணப்பத்திலும் கேட்பார்கள் என்பதால், ஒரே நேரத்தில் ஐந்தாறு இடத்தில் போட்டு வைக்க வேண்டாம்.